காரின் மூக்கை மாற்றினால் வேகம் கூடுமா?

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது? மேஜைமேல் இருப்பதை மட்டும் எண்ணியிருந்தால் கணக்கு தப்பு. வாசலில் கார் நின்றால் அதற்குள்ளும் ஒன்று இருக்கிறது. இசியு என்று பெயர். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, மவுஸ் கிடையாது. ஆனால் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்பதை விநாடிக்குப் பல தடவை கணக்குப் போட்டு முடிவு செய்வது அதுதான். அதனோடு உங்கள் லேப்டாப்போ செல்போனோ பேச முடியும். அப்படிப் பேசவைத்து ஒரு கேள்விக்கு விடை தேடுவோம்.

ஓட்டப்பிடாரம் பக்கம் பழைய ஸ்விஃப்ட், போலோ கார்களை வாங்கி அதை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கிப் பார்க்கும் ஆசை இளைஞர்கள் பலருக்கு உண்டு. ஸ்டிக்கர், அலாய் வீல் எல்லாம் முடிந்தபின் கை நீளும் அடுத்த இடம் பானெட்டுக்குள் இருக்கும் ஏர் ஃபில்டர். கம்பெனி கொடுத்த கருப்பு டப்பாவைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் குழாயும் அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும் மாட்டுவார்கள். இதற்கு ‘கோல்டு ஏர் இன்டேக்’ என்று பெயர். “அண்ணே, இத மாட்டுனா பத்து ஹெச்பி கூடும்னு சொல்லுதாவளே, வாங்கட்டா?” என்று ஊர்த் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். அதற்காக அவர் எடுத்து வைத்திருந்தது இரண்டு மாதச் சம்பளம். இன்ஜினியரிங் படித்தவன் சும்மா ‘வேண்டாம்’ என்று சொன்னால் போதாது அல்லவா? கணக்கைப் பார்ப்போம்.

எஞ்சின் எவ்வளவு மூச்சு விடுகிறது?

1200 சிசி எஞ்சின் என்றால் அதன் சிலிண்டர்களின் மொத்த அளவு 1.2 லிட்டர். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை அந்த அளவு காற்றை உறிஞ்சும். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் 3600 லிட்டர். அதாவது விநாடிக்கு 60 லிட்டர். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு விநாடியும் நாலு குடம் காற்று!

இந்தக் காற்றோடுதான் பெட்ரோல் சேர்ந்து எரிகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று கூடினால்தான் பெட்ரோலைக் கூட்டலாம், பெட்ரோல் கூடினால்தான் பவர் கூடும். ஆக, இன்டேக் விற்பவர் சொல்லும் அடிப்படை சரியே. அதிகக் காற்று, அதிக பவர். கம்பெனி கொடுத்த ஃபில்டரும் குழாயும் காற்றை எவ்வளவு தடுக்கின்றன, அதை எடுத்துவிட்டால் எவ்வளவு மிச்சமாகும் என்பதைத்தான் அவர் சொல்வதில்லை.

இது உங்கள் கம்ப்யூட்டரிலும் நடக்கும் கதைதான். கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்று கடைக்குப் போனால் “ரேம் போடுங்க சார்” என்பார்கள். போடுவதற்கு முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். மெமரி 40 சதவீதத்தில் சும்மா இருக்கிறது, டிஸ்க் 100 சதவீதத்தில் திணறுகிறது என்றால் ரேம் வாங்கிப் பயனில்லை. அடைப்பு டிஸ்கில். ஹார்ட்டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அதே கம்ப்யூட்டர் பறக்கும். அடைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே செலவழிக்க வேண்டும்.

ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை

அடைப்பு உண்மையிலேயே காற்றுக்குழாயில் இருக்கும் பந்தய கார்களும் உண்டு. அதைப் பார்க்கக் கோவைக்குப் போக வேண்டும். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது. ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய கரிவரதன் பெயரில் அமைந்த பந்தயத் தளம். அங்கே நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாடு முழுவதிலிருந்தும் இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு வருவார்கள். உலகம் முழுக்க நடக்கும் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிகளைப் போலவே இங்கும் பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்தான்!

600 சிசி பைக் எஞ்சின் 12,000 சுற்றில் ஓடினால் அதற்கும் விநாடிக்கு 60 லிட்டர் காற்று தேவை. அவ்வளவும் இந்த ஓட்டைக்குள் போக வேண்டுமானால் காற்று விநாடிக்கு 190 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். மணிக் கணக்கில் 680 கிலோமீட்டருக்கு மேல்! இன்னும் இழுத்தால் ஓட்டையில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்கப்புறம் என்ன செய்தாலும் விநாடிக்குச் சுமார் 75 கிராமுக்கு மேல் காற்று வராது. அதனால்தான் அந்த மாணவர்கள் ஓட்டைக்குப் பின்னால் குழாய் எத்தனை டிகிரி சரிவில் விரிய வேண்டும், காற்றைத் தேக்கும் அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டி இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். அங்கே ஒரு டிகிரி சரிவுகூட பவரை மாற்றும்.

இப்போது தெருவில் ஓடும் காருக்கு வருவோம். குழாயின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். விட்டம் மூன்று மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்கு. அதே 60 லிட்டர் காற்று இங்கே விநாடிக்கு 21 மீட்டர் வேகத்தில் நிதானமாக நடந்து போகிறது. அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, பந்தய காரின் ஓட்டையோடு ஒப்பிட்டால் இங்கே தடை 81ல் ஒரு பங்கு. இதை 70 மில்லிமீட்டர் ஆக்கி என்ன சாதிக்கப் போகிறோம்? மிச்சமாவது காற்றழுத்தத்தில் கால் சதவீதத்துக்கும் கீழே. முத்துக் குளித்த நம் கடற்கரை மக்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், மூக்கு அகலமாக இருப்பவன்தான் அதிக நேரம் மூச்சடக்குவான் என்று கணக்கு எதுவும் கிடையாது என்று.

கிட் வாங்காமலே கிட்டைச் சோதிக்கலாம்

ஃபில்டரின் தடை எவ்வளவு? அதை உங்கள் காரே சொல்லும். 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில், ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி போர்ட் என்று பெயர். அதில் செருக ‘இஎல்எம்327’ வகை ப்ளூடூத் அடாப்டர் ஆன்லைன் கடைகளில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனுக்கு சாதாரண ப்ளூடூத் வகை போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஐபோனோடு வேலை செய்யும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ப்ளே ஸ்டோரில் ஓபிடி என்று தேடினால் இலவச ஆப்கள் பல வரும். சிஎஸ்வி ஃபைலாகப் பதிவு செய்யும் வசதி இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

போனும் காரும் பேசும் பாஷையைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை வேண்டுமென்றால் போன் ‘01 0எஃப்’ என்று கேட்கும். கார் ‘41 0எஃப் 4பி’ என்று பதில் சொல்லும். இதில் கடைசியில் வரும் 4பி தான் விடை. இது ஹெக்ஸா டெசிமல் எண். 4ஐ 16ஆல் பெருக்கினால் 64, பி என்றால் 11, மொத்தம் 75. அதிலிருந்து 40ஐக் கழிக்க வேண்டும் என்பது விதி. ஆக 35 டிகிரி. இவ்வளவுதான்! எந்த கம்பெனி காராக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு இதே விதிதான்.

சோதனைக்கு நமக்கு வேண்டியது நான்கு எண்கள். எஞ்சின் சுற்று, வேகம், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, இன்டேக் மேனிஃபோல்டு பிரஷர். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். எஞ்சினின் வாசலில் காற்றின் அழுத்தம் எவ்வளவு என்பதை அது காட்டும். எல்லாக் கார்களிலும் இந்த சென்சர் இருக்காது. டர்போ இல்லாத பெட்ரோல் கார்கள் பலவற்றில் உண்டு.

முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பிரஷரைக் குறித்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் 100 அல்லது 101 கிலோ பாஸ்கல் காட்டும். இது வெளிக்காற்றின் அழுத்தம். பிறகு ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துச் சில விநாடிகள் மட்டும் போங்கள். இரண்டாவது கியர் என்பதால் வேகம் கைமீறாமல் இருக்கும். போனைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். ஓட்டுபவர் ரோட்டை மட்டும் பார்க்க வேண்டும். பாஞ்சாலங்குறிச்சிச் சாலையில் ஆடு எப்போது குறுக்கே வரும் என்று எந்த ஆப்பும் சொல்லாது.

வீட்டுக்கு வந்து சிஎஸ்வி ஃபைலைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து எக்ஸெல்லில் திறங்கள். எக்ஸெல் இல்லையென்றால் லிப்ரே ஆஃபீஸ் கால்க் இலவசம். ஆக்ஸிலேட்டர் முழுதாக மிதிக்கப்பட்ட வரிகளை மட்டும் ஃபில்டர் செய்யுங்கள் (இது எக்ஸெல் ஃபில்டர்!). சுற்று 5000க்கு மேல் இருக்கும்போது பிரஷர் எவ்வளவு என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு, சாவி மட்டும் ஆன் செய்தபோது 100, முழு மிதியில் 98 என்று வைத்துக்கொள்வோம். இடையில் தொலைந்தது 2 சதவீதம். ஏர் ஃபில்டர், டப்பா, குழாய், த்ராட்டில் எல்லாம் சேர்ந்து தடுத்தது அவ்வளவுதான். உலகத்திலேயே உயர்ந்த இன்டேக்கை மாட்டி எல்லாத் தடையையும் பூஜ்யமாக்கினாலும் கூடப்போவது ஏறத்தாழ 2 சதவீதம். 80 ஹெச்பி காரில் அது 1.6 ஹெச்பி. பத்து ஹெச்பி எங்கிருந்து வரும்?

மாறாக, 100க்கு 90 என்று காட்டினால்? அப்போதும் கிட் கடைக்கு ஓடாதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். வருடக்கணக்கில் மாற்றாமல் மண்ணடைந்து கிடக்கலாம். சில நூறு ரூபாய்க்குப் புது பேப்பர் ஃபில்டர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். “கிட் போட்டதும் வண்டி பிச்சிக்கிட்டுப் போகுது” என்பவர்களில் பலர் ஒப்பிடுவது மண்ணடைந்த பழைய ஃபில்டரோடுதான்.

கோல்டு ஏரா, சூட்டுக் காற்றா?

கம்பெனி கொடுத்த அந்த அசிங்கமான கருப்பு டப்பா பெரும்பாலான கார்களில் ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலிருந்தோ கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ வெளிக்காற்றைக் குழாய் போட்டு எடுத்து வருகிறது. அதை எறிந்துவிட்டு பானெட்டுக்குள் திறந்த கூம்பை மாட்டினால் அது எதை உறிஞ்சும்? ரேடியேட்டரைக் கடந்து வந்த சூட்டுக் காற்றை!

வெளியே 35 டிகிரி. தூத்துக்குடி டிராஃபிக்கில் நின்று புறப்படும்போது பானெட்டுக்குள் 60 டிகிரி என்று வைப்போம். சூடான காற்று விரியும், அதே ஒரு லிட்டருக்குள் எடை குறையும். 273ஐக் கூட்டி 308ஐ 333ஆல் வகுத்தால் 0.925. காற்றின் எடையில் ஏழரை சதவீதம் போச்சு. பவர் அப்படியே ஏழரை சதவீதம் குறையாது, ஏனென்றால் குளிர்ந்த காற்றும் சிலிண்டருக்குப் போகும் வழியில் எப்படியும் சூடாகிறது. எஞ்சின் சோதனைகளில் இதற்கு வர்க்கமூலம் எடுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் சுமார் 4 சதவீதம், அதாவது 80க்கு 3 ஹெச்பி. மிச்சப்பட்ட 1.6ஐக் கொடுத்துவிட்டு மேலும் 1.4 நஷ்டம். வண்டி வேகமெடுத்து ஓடும்போது பானெட்டுக்குள் காற்றோட்டம் வந்து இந்த வித்தியாசம் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம் ஊரில் நெடுஞ்சாலையைவிட ரயில்வே கேட்டில் நிற்கும் நேரம் அதிகம்.

சூடு இன்னொரு வேலையும் செய்யும். காற்று சூடானால் எஞ்சினில் ‘நாக்கிங்’ வரும். இசியு அதைத் தடுக்க தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், பவர் இன்னும் இறங்கும். மர மேஜைக்குள் கதவை மூடி சிபியுவை அடைத்து வைத்தால் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறதே, அதே தற்காப்புதான்.

“வேகமாகப் போனால் காற்று தானாக உள்ளே அடிக்காதா?” என்று கேட்பீர்கள். அடிக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முகத்தில் மோதும் காற்று தரும் கூடுதல் அழுத்தம் அரை சதவீதத்துக்கும் குறைவு. அதுவே 300 கிலோமீட்டரில் 4 சதவீதம். 2005ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினாரே நம் கோவை நரேன் கார்த்திகேயன், அவர் தலைக்கு மேல் கார் வாய் பிளந்திருந்தது நினைவிருக்கிறதா? 3 லிட்டர் எஞ்சின் 18,000 சுற்றில் விநாடிக்கு 450 லிட்டர் காற்று குடிக்கும்போது அந்த வாயும் அந்த 4 சதவீதமும் தங்கம். நம் காருக்கு அது பானெட்டில் ஒரு ஓட்டை, மழைக்காலத்தில் தண்ணீர் போக வழி. அவ்வளவே.

டீசல், டர்போ

கேட்ட தம்பியின் கார் டீசல்! அதில் கணக்கே வேறு. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேலேயே காற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பவரைத் தீர்மானிப்பது இசியு பீய்ச்சும் டீசல்தான். டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டுவது, அடுப்பில் விறகு வைக்காமல் ஊதாங்குழலை மாற்றுவது மாதிரி. டர்போ பெட்ரோல் கார்களிலும் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை இசியு முன்கூட்டியே நிர்ணயித்து டர்போவைக் கட்டுப்படுத்துகிறது. ஃபில்டர் கொஞ்சம் தடுத்தால் டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று சரிக்கட்டிவிடும். இசியுவின் புரோகிராமையே மாற்றி, டர்போவைப் பெரிதாக்கி, எக்ஸாஸ்டையும் மாற்றிப் பந்தயத்துக்குத் தயாராகும் காரில் இன்டேக்கையும் சேர்த்து மாற்றுவதில் அர்த்தம் உண்டு. அப்போது பழைய குழாயே அடைப்பாகிவிடும். தனியாக அதை மட்டும் மாற்றுவதுதான் வீண்.

இன்னொரு சிக்கல், காற்றை அளக்கும் ‘மாஃப்’ சென்சர் உள்ள கார்களில் வருகிறது. சூடான ஒரு மெல்லிய கம்பியைக் காற்று எவ்வளவு குளிரவைக்கிறது என்பதை வைத்து அது கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு குறிப்பிட்ட விட்டமுள்ள குழாய்க்காக எழுதப்பட்டது. குழாயை அகலமாக்கினால் சென்சர் தப்பாக அளக்கும், இசியு தப்பான அளவில் பெட்ரோல் விடும். ஆக்ஸிஜன் சென்சர் பார்த்து ஓரளவு திருத்தும், எல்லை தாண்டினால் செக் எஞ்சின் விளக்கு எரியும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1969ல் தொடங்கிய கே அண்ட் என் இதில் பிரபலம். கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது நல்ல விஷயமே. ஆனால் கழுவிய பின் எண்ணெயை அள்ளி ஊற்றினால் அது பறந்து போய் அந்தக் கம்பியில் படியும். அளந்து தடவ வேண்டும்.

பிறகு ஏன் எல்லோரும் ‘வித்தியாசம் தெரியுது’ என்கிறார்கள்? தெரிவது சத்தம். கம்பெனி டப்பாவும் அதிலிருந்து கிளைவிடும் வெறும் அறைகளும் எஞ்சின் உறிஞ்சும் சத்தத்தை அமுக்குவதற்காக வைத்தவை. அவை போனதும் ‘உர்ர்ர்’ என்று உறுமும், காது அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். சத்தம் பிடித்திருக்கிறது, அதற்குத்தான் காசு என்றால் அது உங்கள் விருப்பம். அப்படியானால் வாரண்டி புத்தகத்தையும் இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்துச் சொல்லியிருக்கிறது.

நம் ஊர்த் தூசி

ஓட்டப்பிடாரத்தைச் சுற்றிக் கரிசல் மண். கோடையில் மாவு மாதிரிப் பறக்கும். தூத்துக்குடிப் பக்கம் போனால் உப்பளக் காற்று. இன்டேக் கிட்டுகளில் சிலவற்றில் காற்று தாராளமாகப் போவதன் ரகசியமே ஓட்டைகள் பெரிதாக இருப்பதுதான். காற்று போகும் வழியில் மண்ணும் போகும். உள்ளே போன மண் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்க்கும். ஒரு ஹெச்பிக்கு ஆசைப்பட்டு எஞ்சின் வேலைக்குக் கொடுக்கும் தொகை கிட் விலையைப் போலப் பல மடங்கு. வாங்கியே தீருவேன் என்பவர்கள், ஐஎஸ்ஓ 5011 முறைப்படி சோதித்த முடிவு இருக்கிறதா, எத்தனை சதவீதம் தூசியைப் பிடிக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் பர்ஸை மூடிவிடலாம்.

தூசி உள்ளே போகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி. எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபில்டரைத் தாண்டி எஞ்சின் பக்கம் இருக்கும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் வந்தால் ஃபில்டர் கசிகிறது, அல்லது டப்பாவின் கிளிப் சரியாக மாட்டவில்லை. பேப்பர் ஃபில்டரைப் பங்க்சர் கடையில் கொடுத்து கம்ப்ரசர் காற்றை அடித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே, கரிசல் ரோட்டில் அதிகம் ஓடினால் பாதித் தூரத்திலேயே, புதிது போட்டுவிடுங்கள். போட்ட தேதி, கிலோமீட்டர், அன்றைக்கு முழு மிதியில் காட்டிய பிரஷர் மூன்றையும் அதே எக்ஸெல் ஷீட்டில் ஒரு வரியாகச் சேர்த்து வாருங்கள். அந்த எண் 98லிருந்து 95க்கு இறங்கும் மாதம் ஃபில்டர் வாங்கும் மாதம்.